நூற்றுக்கு எத்தனை

"தார் எவ்வளவு, மண் எவ்வளவு?"
ஜாக்கியை மிதித்தபடி கேட்கிறார் அன்செல்மோ நஹுவெல்பான்.
டயர் வாங்க வருகிற யாரும்
இதற்கு உண்மை சொன்னதில்லையாம்.
வாரம் இரண்டு மலை ஏறி இறங்குகிறவர்கள் மாதிரிப் பேசுவார்களாம்,
வண்டியோ ரொட்டிக் கடையைத் தாண்டியிருக்காது.

நான் உள்ளதைச் சொன்னேன்.
திரெவெலினிலிருந்து எஸ்கேல்,
இருபத்தைந்து கிலோமீட்டர், வழவழவென்று தார்.
வங்கியில் என் நாற்காலி. சாயங்காலம் அதே வழி.
சனிக்கிழமை வண்டி மெலேரிக்கு:
எஸ்கேலில் பாடகர் குழு ஒத்திகை. அதுவும் தார்தான்.
"நூற்றுக்கு நூறு."

"அப்புறம் நான்கு சக்கர இழுவை எதற்கு?"
"மலிவாக வந்தது."

சிரித்துக்கொண்டே இரண்டை உருட்டி வந்தார்.
ஒன்றில் கோடுகள் நெருக்கமாக ஓடின.
மழையில் பிடிக்கும், சத்தம் இராது,
நூறு கிலோமீட்டருக்கு அரை லிட்டராவது மிஞ்சும்.
மற்றது கட்டை கட்டையாக, தோள்வரை வெட்டுடன்;
பக்கச்சுவரில் மூன்று சிகரம், நடுவே ஒரு பனிப்பூ.
"இது தாரில் முனகும்.
எண்பதைத் தாண்டினால் தேன்கூட்டை மடியில் வைத்த மாதிரி.
உமக்கு இது வேண்டாம்.
முதலாவதே ஏராளம்."

விற்கத் தெரியாத மனிதர்.

பழையதைக் கழற்றிப் பலகையில் கிடத்தி
ஸ்க்ரூடிரைவரால் பள்ளங்களைக் கிளறினார்.
டின்னில் விழுந்தது ஒரு கல். டிங்.
இன்னொன்று.
பதினொன்றுவரை எண்ணினேன்.

சாம்பலில் பச்சை ஓடிய கல், முனை மழுங்காதது.
விரலிடுக்கில் திருப்பிப் பார்த்தார்.
"எல்லைக்குப் போகிற சாலையில் கொட்டுவது இது.
இரண்டு குளிர்காலம் நானே கொட்டியிருக்கிறேன்..."
வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு
மாத்தேயை ஒரு இழுப்பு இழுத்தார்.
கம்ப்ரஸருக்கு அடியில் படுத்திருந்த நாயைப் பார்த்தார்.
"யாராவது இரவல் வாங்கினார்களா?"

"ஆமாம்," என்றேன்.
நானும் டயர் வாங்க வந்தவன்தானே.

பின் கண்ணாடியில் சனிக்கிழமை தோறும் புழுதி.
காற்றைச் சொல்லியிருந்தேன்.
எங்கள் ஊரில் எதற்கும் காற்றைத்தான் சொல்வோம்.

டயரின் உட்பக்கச் சுவரில், நகக்கண் அளவு ஒரு கீறல்.
உள்ளே நூல் தெரிந்தது.
"அதிர்ஷ்டம்," என்றார். "இன்னொரு ஓட்டம் தாங்கியிருக்காது."

அந்தச் சாலை எனக்குத் தெரியும்.
ஆறு அருகே வந்ததும் போன் செத்துவிடும்.
காருக்குக் கதவு திறந்தால்
கையோடு பிடுங்கிக்கொண்டு போகிற இடம்.
ஓரத்தில் முழங்காலிட்டு
மெலேரி ஜாக்கியைத் தேடுவது தெரிந்தது,
பாட்டுத் தாள்கள் எல்லாம் பறந்து வேலிக்கம்பியில்.
தாள்கள் இருக்குமா என்றும் தோன்றியது.

கேட்க வேண்டியவை ஆறேழு இருந்தன.
அன்செல்மோவிடம் கேட்க முடிந்தது ஒன்று:
"கட்டை போட்டது, ஐந்து இருக்கிறதா?
ஸ்டெப்னிக்கும் சேர்த்து."

நிமிர்ந்து பார்த்தார்.
ஆறு தவணை என்றார், அதற்கு மேல் பேசவில்லை.
கிளம்பும்போது மட்டும், யாரிடமோ சொல்வதுபோல:
"தாருக்கு முப்பத்திரண்டு. சரளை என்றால் இருபத்தாறுக்கு இறக்கணும்.
திரும்பி வந்ததும் ஏற்றணும்."
கைக்கடக்கமான ஒரு கம்ப்ரஸரும் வாங்கினேன்.
இரண்டு எண்களையும் ரசீதின் பின்னால் எழுதி
ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வைத்தேன்.

வீட்டு வாசலில் மெலேரி குனிந்தாள்.
புதுப் பள்ளத்தில் ஒரு விரலை விட்டு
அப்படியே வைத்திருந்தாள்.
"தாரில் ஓட்ட இவ்வளவு எதற்கு?"
"பனி வருகிறது."
"சத்தம் போடுமே."
"போடும்."
விரலை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.
துடைக்க அதில் ஒன்றுமில்லை.

காலையில் இருபத்தைந்து, மாலையில் இருபத்தைந்து,
வழவழத்த தார்மேல்
போகாத சாலை ஒன்று காலடியில் முனகிக்கொண்டே வருகிறது.
பழகிவிடும் என்கிறார் அன்செல்மோ.
நூற்றுக்கு எத்தனை பேருக்கு என்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.